அழுத்தித் திருப்பும் மூடியோடு டிரைவர் புரிந்த போர்

நினைவே, நீ முழுதும் நம்பத் தக்கவள் அல்லை. அன்று நூலகத்துப் பின்னறையின் சன்னலில் விழுந்தது வெயிலா, மழைக்கு முந்திய மங்கல் ஒளியா என்று கேட்டால் ஒருநாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் சொல்கிறாய். நாயகர் அணிந்திருந்தது நீலச் சட்டை என்று நீ சாதிக்கிறாய். அவர் மனைவியோ சாம்பல் நிறம் என்று அடித்துச் சொல்கிறார், துவைத்தவர் அவர். ஆயினும் உன்னை விட்டால் எனக்கு வேறு துணை ஏது? போரின் முழக்கத்தை மட்டும் பிசகாமல் சொல்லிவிடு. சட்டையின் நிறத்தை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

வாழ்க அந்த மாவீரர்! மலைச்சாலையின் கொண்டையூசி வளைவுகள் அத்தனையையும் இரு கரங்களால் மடக்கியவர். எதிர்வந்த லாரிகள் விளக்கைச் சிமிட்டி வணங்கி வழிவிட்ட பெருமையர். பின்னிருக்கையில் உறங்கும் பச்சிளங்குழந்தையின் கனவு கலையாமல் பள்ளங்களைக் கடந்த மென்பாதர். ஓய்வு பெற்ற பின்னும் சோபாவில் அமரும்போதெல்லாம் இடக்கை தானாகவே கியர்க்கம்பியைத் தேடும் வழக்கினர். டிரைவர் என்னும் ஒரு சொல்லையே பெயராகவும் பட்டமாகவும் பூண்டவர். இவற்றுக்கெல்லாம் மேலாக, வழி கேட்டறியாதவர். ஒருமுறை பாலம் பழுதாகி மாற்றுப்பாதையில் போக நேர்ந்தபோது, சாலையோரம் நின்றவர்களிடம் வாய்திறந்து ஒரு சொல் கேட்பதைக் காட்டிலும் இதுவே மேலென்று, நிறைந்த பேருந்தை நேரே ஒரு செங்கற்சூளைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ குடிக்கறவங்க குடிக்கலாம்!" என்று முழங்கியவர். அங்கே டீக்கடை இல்லை.

இத்தகைய பெருமானின் விரல் மூட்டுகளில் மூட்டுவாதம் என்னும் பகை, போர்முரசு எதுவும் அறையாமல், ஒரு விடியற்காலையில் பாளையம் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். அதை விரட்ட முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார் மருத்துவர். அடக்குவதற்கு நாள்தோறும் சாப்பாட்டுக்குப் பின் உண்ண வேண்டிய மாத்திரைகளை எழுதினார். அம்மாத்திரைகள் ஒரு புட்டியில் வந்தன. அப்புட்டியின் தலையில் அமர்ந்திருந்தது இக்காவியத்தின் எதிர்நாயகனாகிய மூடி.

அம்மூடியின் தோற்றத்தை என்னவென்று பாடுவேன்! வெள்ளை வெளேரென்ற உடல், விளிம்பெங்கும் பற்கள், உச்சந்தலையில் அம்புக்குறி. கீழே அழுத்திக்கொண்டே திருப்பினாலன்றிப் பணியாது. அழுத்தாமல் திருப்பினாலோ, தன் அச்சிலேயே சுழன்றபடி கடகடகடவென்று சிரிக்கும். சிறு குழந்தைகள் திறந்து விழுங்கிவிடக் கூடாதென்று செய்யப்பட்ட காவல் அது. அக்காவலை முதன்முதலாகச் சந்தித்த நாளில் நம் வீரர், "எனக்கு அறுபது தாண்டியாச்சு, நான் என்ன குழந்தையா?" என்று அதனிடமே கேட்டார். அது கடகடவென்றது.

அன்று முதல் அம்மூடியை நாள்தோறும் திறந்து கொடுத்தவர் அவர் மனைவி. திறப்பதைவிட மூடுவதில் வல்லவர் அவ்வம்மையார். சொட்டும் குழாய், சாத்தாத அலமாரி, வாய் பிளந்து கிடக்கும் டப்பா, இம்மூன்றும் அவர் நடமாடும் எல்லைக்குள் ஒரு நாழிகை உயிர்வாழ்ந்ததில்லை. அவருடைய கட்டிலின் அடியில் அந்நாட்களில் ஒரு பெட்டி, துணிமணி அடுக்கப்பட்டு, பூட்டப்பட்டு, காத்திருந்தது. தொலைநகர் ஒன்றில் மகளுக்குத் தலைப்பிரசவம். போக வேண்டும். போக முடியவில்லை.

"நான் போயிட்டா இத யாரு தொறந்து குடுப்பா? ஒரு நாள் மாத்திரை விட்டாலே மறுநாள் சட்டை பட்டன் போட முடியல உங்களுக்கு."

"நானே தொறந்துக்குவேன்."

"முடியலன்னா எதிர்வீட்டுக் கொத்தனார்கிட்ட குடுங்க, ஒரு நிமிஷ வேலை."

"கேக்கறதா? நானா?" என்றார் செங்கற்சூளை கண்டவர். பெட்டி கட்டிலடியிலேயே கிடந்தது.

இனிக் களத்தைப் பாடுவோம். நூலகத்தின் பின்னறை, சுவரில் ‘அமைதி காக்கவும்' என்னும் பலகை, ஒரு பக்கமாகவே தலையாட்டும் மின்விசிறி, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். நாள்பட்ட நோயோடு நாட்களை நடத்தக் கற்கும் பட்டறை அங்கே வாரந்தோறும் கூடியது. அதில் மருத்துவர் எவரும் இல்லை. நோயாளிகளே அவையோர், நோயாளியே அவைத்தலைவி. மருந்துக்கடை அக்கா என்று யாவரும் அழைத்த அவர், மருத்துவர்களின் கையெழுத்தைப் படிக்கும் வரம் பெற்றவர்; நெடுநாள் சர்க்கரை நோயோடு சண்டையும் சமாதானமுமாய்க் குடித்தனம் நடத்துகிறவர். அவருக்கு வலப்புறம் டெய்லர்: ஊசித்துளையின் வழியே உலகைக் கண்டவர், கத்தரி பிடித்துப் பிடித்து மணிக்கட்டும் குனிந்து குனிந்து முதுகும் தேய்ந்தவர். இடப்புறம் கணக்கு டீச்சர்: பின்னங்களைக் கொண்டே பெருங்கூட்டத்தைப் பணியவைத்தவர், மாடிப்படி ஒன்றுக்கு மட்டும் பணிகிறவர், ஏனெனில் அவருக்கு ஆஸ்துமா. துணைக்கு வருவோருக்கென்று சன்னலோரம் இருந்த நாற்காலியில் டிரைவரின் மனைவி.

அவ்வவையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒவ்வொருவரும் வரும் வாரத்துக்கு ஒரு காரியத்தைத் தாமே தேர்ந்து, அதைச் செய்து முடிப்போம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று அவையறியச் சொல்ல வேண்டும். ஏழுக்குக் குறைந்தால் காரியத்தைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும். இது முதற்சட்டம். ஒருவர் தம் வாயால் கேட்டாலன்றி அவருக்கு எவரும் யோசனை சொல்லவோ உதவவோ கூடாது, அவைத்தலைவிக்கும் விலக்கில்லை. இது இரண்டாவது. ஆளுக்கொரு கஷாயமும் ஆளுக்கொரு மைத்துனரின் அனுபவமும் மழையெனப் பொழிந்த முதற்கூட்டத்தின் முடிவில், தலையைப் பிடித்துக்கொண்டு அக்கா இயற்றிய சட்டம் அது.

முந்திய வாரம் டெய்லர் எழுந்து, தையல் மிஷினைவிட்டு அவ்வப்போது எழுந்து நடப்பேன், நம்பிக்கை எட்டு என்றார். டீச்சர், வகுப்பில் மூச்சு முட்டினால் வராந்தாவில் ஒளியாமல் மாணவர் எதிரிலேயே இன்ஹேலர் எடுப்பேன், நம்பிக்கை ஏழு என்றார். பிறகு நம் நாயகர் எழுந்தார். மின்விசிறி அவர் பக்கம் திரும்ப விரும்பியும் திரும்ப இயலாமல் நடுங்கிற்று.

"மாத்திரை பாட்டில தெனமும் நானே தொறப்பேன். யார் தொணையும் இல்லாம. பத்துக்குப் பத்து!"

சன்னலோரத்து அம்மையார் நிமிர்ந்து அமர்ந்தார். கட்டிலடிப் பெட்டி அவர் கண்ணில் ஒருகணம் தோன்றி மறைந்ததை நான் கண்டேன். இதில் எனக்கு ஐயமே இல்லை.

வீடு திரும்பிய வீரர் அம்மூடியைக் கதவிடுக்கில் கொடுத்து, தோளால் கதவை அழுத்தி, காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒரு பெருமுயற்சியில் திறந்தேவிட்டார். திறந்த கணத்தில் அவருள் ஓர் அரச தந்திரம் உதித்தது. திறப்பதன் தொல்லைக்கெல்லாம் மூலம் எது? மூடுவது. மூடாவிட்டால் திறக்க வேண்டியதில்லை. ஆகவே புட்டியை அலமாரியின் உட்கோடியில் ஒளித்து, மூடியை அதன்மேல் தொப்பிபோல் சும்மா வைத்து, நாள்தோறும் தொப்பியை எடுத்து மாத்திரை உண்டு தொப்பியை வைத்தார். அவ்வாரம் முழுவதும் அவர் நடையில் பழைய ஓட்டுநரின் நிமிர்வு இருந்தது. அம்மையார் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

ஆனால் பட்டறைக்குப் புறப்படும் நாளில், வாசலில் செருப்பை மாட்டியவர், "அந்தப் பாட்டிலயும் எடுத்துக்க, காட்டுவோம்" என்று உள்ளே குரல்கொடுத்தார். கொடுக்காதிருந்தால் இக்காவியம் இல்லை. அம்மையார் அலமாரியின் உட்கோடியில் கைவிட்டார். ஒரு மூடி சரியாக மூடப்படாமல் இருப்பதைக் கண்டார். அதன்பின் நடந்தது அவர் சித்தம் அறியாமல் அவருடைய கை செய்தது.

அவை கூடிற்று. டெய்லர், பாதி நாள் எழுந்து நடந்ததாகவும் மீதி நாள் கல்யாணப் பட்டுப்பாவாடை ஒன்று தம்மைப் பிடித்து வைத்துக்கொண்டதாகவும் உரைத்தார். டீச்சர், மாணவர் எதிரில் இன்ஹேலர் எடுத்ததாகவும், கடைசிப் பெஞ்சு முழுவதும் அன்று முதன்முதலாகத் தம்மையே கவனித்ததாகவும் உரைத்தார். அவை கைதட்டியது. நாயகர் எழுந்தார்.

"சொன்னேன், செஞ்சேன். ஒரு நாள்கூட விடல."

கைத்தட்டல் ‘அமைதி காக்கவும்' பலகையை அதிரவைத்தது. அக்கா மகிழ்ந்தார். மகிழ்ந்து, ஒரு குற்றமும் அறியாத குரலில் கேட்டார்: "எப்படித் தொறந்தீங்கன்னு காட்டுங்களேன் அண்ணே. டெய்லருக்கும் மணிக்கட்டு வலிதானே, உதவும்."

புன்னகையோடு பையில் கைவிட்டார் வீரர். புட்டியை மேசையில் நிறுத்தினார். இரு விரலால் தொப்பியை எடுப்பதுபோல் மூடியை மெல்லத் தூக்கினார். மூடியோடு சேர்ந்து புட்டியும் எழுந்து வந்தது.

அவர் முகத்தில் அப்போது தோன்றியதை நான் முன்பும் பின்பும் எந்த முகத்திலும் கண்டதில்லை. செங்கற்சூளை கண்ணுக்குத் தெரிந்த கணத்தில் அந்தப் பேருந்தில் யாரேனும் கண்டிருக்கலாம். மெல்லத் தலைதிருப்பி மனைவியைப் பார்த்தார்.

"சரியா மூடாம கெடந்துச்சு. மூடி வெச்சேன்," என்றார் அம்மையார்.

மூண்டது போர். முதலில் வலக்கரம் சென்றது. மலைச்சாலைகளை மடக்கிய அக்கரம் மூடியைப் பற்றி முறுக்க, மூடி கடகடகடவென நகைத்தது. இடக்கரம் துணைக்கு விரைந்தது. இரு கரமும் சேர்ந்து முறுக்க, மூடி இருமடங்கு நகைத்தது. சட்டையின் முனையைச் சுற்றிப் பிடித்தார். சட்டை சுழன்றது, நாயகரின் வயிறு வெளிப்பட்டது, மூடி அசையவில்லை. முழங்கால்களுக்கு இடையே புட்டியைச் சிறைப்பிடித்து, உள்ளங்கையால் அழுத்தி, மலை இடிந்து விழுவதுபோல் மேலிருந்து விழுந்தார். அழுத்துகையில் திருப்ப விரல் இல்லை. திருப்புகையில் அழுத்த வலு இல்லை. நெற்றியில் வியர்வை அரும்பியது. விரல் மூட்டுகள் சிவந்து வீங்கின. கடகட. கடகட.

அவை அசையவில்லை. சட்டம் அப்படி. டெய்லர் தம் கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் தாமே உட்கார்ந்துகொண்டார். டீச்சர் புடவைத் தலைப்பைக் கடித்தார். அக்காவோ, கடையில் நாளெல்லாம் இத்தகைய மூடிகளைப் பேசிக்கொண்டே திறந்து மூடுகிற அந்த அக்கா, மேற்கூரையின் ஒரு விரிசலை மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்தார்.

மூடி நகைப்பதும் நின்றது. வீரர் கைகளை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார். மௌனங்களில் பல சாதி உண்டு. புத்தகம் படிக்கிறவர்களின் மௌனம் ஒன்று. அது முன்னறையிலிருந்து கதவிடுக்கின் வழியே எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். மருத்துவமனை வராந்தாவில் தம் பெயர் அழைக்கப்படக் காத்திருப்போரின் மௌனம் மற்றொன்று. இதுவோ, உதவக் கூடியவர்கள் ஒரு வட்டமாக அமர்ந்து, நடுவிலிருப்பவர் ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று ஏங்கும் மௌனம். அது நீண்டது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்துவிட்டுப் போனார்கள். அம்மையார் கைப்பையைத் திறந்து, ரயில் டிக்கெட்டை ஒருமுறை பார்த்து, மூடினார். அதை வீரர் பார்த்தார். வழி கேட்டறியாத வாய் திறந்தது, ஒலி வரவில்லை, மூடிக்கொண்டது, மீண்டும் திறந்தது.

"டெய்லர்," என்றார், ஏதோ வெகுதூரத்திலிருந்து. "இதக் கொஞ்சம் தொறந்து தர்றீங்களா?"

அணை உடைந்தது! டெய்லர் தம் கைகளைத் தாமே விடுதலை செய்து பாய்ந்தார். அத்தனை நேரம் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்ததால் அவை மரத்துப்போயிருந்தன. உதறினார், பற்றினார், முறுக்கினார். கடகட. "மணிக்கட்டு விட்டுப்போச்சு. டீச்சர், நீங்க கொஞ்சம் பாருங்களேன்!" டீச்சர் பாய்ந்தார், பற்றினார், மூச்சிரைத்தார், இன்ஹேலரை எடுத்து ஒருமுறை உறிஞ்சினார், மீண்டும் பற்றினார். கடகட. அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும், எனக்கும் பாட ஒன்றும் மிஞ்சியிராது. அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தவித்தார்.

"இருங்க, இருங்க," என்றார் டீச்சர். "இது ரெண்டு வேலை. அழுத்தறது ஒண்ணு, திருப்பறது ஒண்ணு. டிரைவர் சாருக்கு உடம்புல வெயிட் இருக்கு, அவர் அழுத்தட்டும். டெய்லர் பாட்டிலக் கட்டிப் பிடிக்கட்டும். நான் திருப்பறேன்."

"வெயிட்டப் பத்திப் பேச வேணாமே," என்றார் டிரைவர், முழங்கையை மடக்கியபடி.

ஆ, அந்தக் கூட்டணியை என் சொல்வேன்! தேய்ந்த முதுகு ஒன்று குனிந்து புட்டியை மார்போடு அணைத்துப் பிடிக்க, வீங்கிய கரத்துக்குரியவர் விரலை விடுத்து முழங்கையை ஊன்றித் தம் முழுப்பாரத்தையும் மூடியின் விளிம்பில் இறக்க, இரைக்கும் நெஞ்சத்தார் கைக்குட்டையால் பற்களைப் பற்றிக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... டெய்லர், சிரிக்காதீங்க... மூணு!" என்று ஆணையிட, மூன்று நோயுடலும் சேர்ந்து ஒரு நல்லுடலாகி, மூடி முதன்முறையாக நகைப்பை மறந்து, முனகி, நெகிழ்ந்து, தெறித்தது. மாத்திரைகள் ஆலங்கட்டி மழையெனப் பொழிந்தன. மின்விசிறியின் வலைக்கூண்டில் பட்டு மணியென ஒலித்தன. முன்னறையிலிருந்து நூலகர் எட்டிப் பார்த்து, பலகையைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார்.

ஆரவாரத்தினிடையே அக்கா குனிந்து ஒரு மாத்திரையை எடுத்து விரலால் நசுக்கினார். அது பிட்டுப்போல் உதிர்ந்தது. "கீழ விழுந்தத யாரும் எடுத்து வெச்சுக்காதீங்க, வேற வாங்கிக்கலாம்," என்றவர் நிறுத்தினார். "ஆனா இது இப்ப விழுந்து கெட்டது இல்ல. நமத்துப் போயிருக்கே அண்ணே. பாட்டில் தொறந்தேவா கெடந்துச்சு?"

வென்றவர் நாற்காலியில் அமர்ந்தார். "தொறந்தேன். ஒரே ஒரு தடவ. அப்புறம் மூடவே இல்ல."

டெய்லர் சிரித்தார். டீச்சர் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். சன்னலோரம் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தப் பத்துக்குப் பத்து?"

"நீ போகணும்ல. மக அங்க தனியா..." என்றார். வாக்கியம் முடியவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். அன்று அவர் கேட்ட இரண்டாவது கேள்வி அது. முதலாவதைவிட எளிதாக வந்தது. "இந்த எழவெடுத்த மூடிக்கு வேற வழியே இல்லையா அக்கா?"

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அது. "இருக்கு. கடையில சொன்னா சாதா மூடி போட்டுத் தருவோம். வீட்ல சின்னக் குழந்தைங்க இல்லன்னா யார் கேட்டாலும் தருவோம்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா!"

"சட்டம் அண்ணே. நீங்க கேக்கவே இல்லையே. போன வாரம் பத்துன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பத்துன்னு சொல்றவங்கள நான் நம்பறதே இல்ல. ஏழு எட்டுன்னு இழுக்கறவங்கதான் செய்வாங்க."

அம்மையார் நாற்காலியை இழுத்து வட்டத்துக்குள் போட்டுக்கொண்டு, பட்டறையின் முறைப்படி, கணவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்.

"மூடிய விடுங்க. நான் இல்லாதப்ப எது முடியலன்னாலும் கொத்தனார் வீட்ல போய்க் கேப்பீங்களா? பத்துக்கு எத்தன?"

வீரர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். வீங்கிய விரல்களைப் பார்த்தார். தரையெங்கும் கிடந்த மாத்திரைகளைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்தார். ஆறு என்று சொல்ல உதடு குவிந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

"ஏழு," என்றார்.

"ஏழு போதும்," என்றார் அம்மையார். "நான் கெளம்பறேன்."

அவர் மறுநாள் ரயிலேறினார். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். டெய்லர் இப்போது மிஷினைவிட்டு எழுந்து தெருமுனை வரை நடக்கிறார், கல்யாண சீசனில் மட்டும் நடப்பதில்லை. டீச்சர் கீழ்த்தள வகுப்பறை வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கா அடுத்த குழுவுக்குப் பட்டறை நடத்துகிறார். கொத்தனார் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் கொடுத்தார். டிரைவர் காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார்.